காட்டுவளவு கட்டிய கயிறு

“ஏ பாஞ்சாலி, உந்தங்கச்சி கையில கலர்கலரா என்னமோ கட்டிகினு நிக்கிறாளே, அது என்னா?”

கேட்டது கோவிந்தம்மாள். காட்டுவளவு பால் சொசைட்டிக்குக் காலையில் முதல் ஆளாகப் பால் ஊற்ற வருகிறவள். பால் எவ்வளவு தண்ணியோ, வாய் அவ்வளவு கெட்டி.

அங்கே பால் அளந்து வாங்குகிற பாஞ்சாலி, லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று குனிந்து டிகிரி பார்த்தபடியே, “பேண்டு, பெரியாத்தா. ஓடறவங்க கட்டிக்கிறது,” என்றாள்.

“வேர்வ தொடைக்கவா?”

“ஆமா.”

“அதுக்கு எதுக்கு இத்தன கலரு? ஒரே கலர்ல தொடைச்சா வேர்வ போவாதாமா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்குக் காட்டுவளவில் எதற்கும் சிரிப்பு வந்தது. பாஞ்சாலியின் தங்கச்சி பாரதி, முந்தின நாள் சாயந்தரம் வெளிநாட்டில் நடந்த பெரிய போட்டியில், நானூறு மீட்டர் தடை தாண்டி ஓடுவதில் மூன்றாவதாக வந்து வெண்கலம் வாங்கியிருந்தாள். தாய் தகப்பன் இல்லாமல் அக்கா கையில் வளர்ந்த பெண். ஏரிக்கரை மேட்டில் செருப்பில்லாமல் ஓடிப் பழகியவள். மேடையில் மெடலோடு வலது கையை உயர்த்தி அவள் நிற்கும் படம் எல்லார் போனிலும் இருந்தது. உயர்த்திய மணிக்கட்டில் அந்தப் பட்டை. செவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா.

அது என்னவென்று அந்த ஊரில் பாஞ்சாலி ஒருத்திக்குத்தான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின பொங்கலுக்கு வந்தபோது பாரதி சொல்லியிருந்தாள். “அக்கா, எனக்கு மாப்பிள்ள பாக்காத. நானும் தேவியும் ஒண்ணா இருக்கறதா முடிவு பண்ணிட்டோம்.” தேவிப்பிரியா பெங்களூரில் விளையாட்டுக்காரர்களின் கை கால் வலிக்குப் பயிற்சி கொடுக்கிற பெண். பாரதி காட்டிய போட்டோவில் அவள் தோள்பையில் இதே ஆறு நிறத்தில் ஒரு துணி தொங்கியதைப் பாஞ்சாலி பார்த்திருக்கிறாள். அது எதற்கான கொடி என்பதையும் பாரதி சொல்லியிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டு அக்காக்காரி சொன்னது ஒன்றுதான்.

“யார்கிட்டயும் சொல்லிடாத.”

“அவ்வளவுதானா நீ சொல்றது?”

“இப்போதைக்கு அவ்வளவுதான்.”

இப்போதைக்கு என்றது இரண்டு வருஷமாகிவிட்டது.

பாதி வரிசை முடிவதற்குள் போன் அடித்தது. தெரியாத, நீளமான நம்பர்.

“பாரதியோட அக்காங்களா? நான் டீம் மேனேஜர் மாதவராஜ் பேசறேன். பயப்படாதீங்க.”

பயப்படாதீங்க என்று ஒருவர் ஆரம்பித்தால் அதற்கு மேல் பயப்படாமல் எப்படி இருப்பது? பாஞ்சாலி அளவையைக் கோவிந்தம்மாள் கையில் திணித்துவிட்டு, பால் குளிரூட்டும் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.

“சொல்லுங்க சார்.”

“கையில ஒரு பட்டை கட்டியிருந்தாங்க பாருங்க. அது ஒரு கொடியோட கலருங்க. பொண்ணும் பொண்ணும், பையனும் பையனும் சேர்ந்து வாழறதுக்கு ஆதரவா புடிக்கிற கொடி. இந்த நாட்டுல அது சட்டப்படி குத்தம். அது போக, மெடல் மேடையில அரசியல் எதையும் காட்டக் கூடாதுன்னு போட்டிக் கமிட்டி விதி இருக்கு. ரெண்டுலயும் மாட்டிக்கிட்டாங்க.”

“புள்ள எங்க சார் இருக்கா?”

“ஓட்டல் ரூம்ல இருக்காங்க, நல்லா இருக்காங்க. பாஸ்போர்ட்டை மட்டும் வாங்கி வெச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை விசாரணை.”

“போலீசா?”

“இன்னும் இல்ல. கமிட்டிதான். கமிட்டி விட்டுட்டா செவ்வாய்க்கிழமை பிளைட் ஏறிடலாம், மெடலோட. விடலைன்னா மெடல் போயிடும், ரெண்டு வருஷம் எங்கயும் ஓட முடியாது. அதுக்கு மேல கேஸுன்னு போனா எங்க கையிலயே இல்லைங்க.”

பாரதிக்கு இருபத்தாறு. இந்த ஓட்டத்தில் இருபத்தெட்டு என்பது எவ்வளவு வயசு என்று பாஞ்சாலிக்குத் தெரியும். அடுத்த வருஷம் வருகிற பெரிய போட்டிக்காகத்தான் எட்டு வருஷமாக அந்தப் பிள்ளை நல்லது கெட்டதுக்குக்கூட ஊருக்குச் சரியாக வராமல் ஓடியது.

“ஒரு வழி இருக்குங்க,” என்றார் மாதவராஜ். “சாமிக்கு வேண்டிக்கிட்டுக் கட்டற கயிறுன்னா விட்டுடுவாங்க. விதியில அதுக்கு இடம் இருக்கு. உங்க ஊர்ல அப்படி எதாச்சும் உண்டா? ஆறு கலர்ல?”

சொசைட்டியின் பின்பக்கத்து ஜன்னல் வழியாக ஏரிக்கரை தெரிந்தது. கரைமேல் வேப்பமரம், மரத்தடியில் கன்னிமார் சாமி. ஏழு கன்னிமாருக்கு ஏழு கல் நட்டது. எந்தக் காலத்திலோ கரை உடைந்தபோது ஒரு கல் தண்ணீரோடு போய்விட்டது. மிச்சம் ஆறுதான் மஞ்சள் பூசிக்கொண்டு நிற்கிறது.

பாஞ்சாலி பொய் பேசிப் பழகியவள் இல்லை. பாலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து சத்தியம் செய்கிறவர்களிடம்கூட, “டிகிரி கொறையுதுங்க” என்பதற்கு மேல் பேச மாட்டாள். ஆனால் அன்றைக்கு யாரோ பேசுவதுபோல அவள் வாயிலிருந்து வந்தது.

“உண்டுங்க சார். எங்க ஏரிக்கரையில கன்னிமார் இருக்காங்க. ஏழு பேர்ல ஒருத்தி வெள்ளத்துல போயிட்டா. இருக்கறது ஆறு பேரு. ஆளுக்கு ஒரு கலரு.”

“நெஜமாவா?”

“நெஜந்தாங்க.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “புண்ணியமா போச்சும்மா. பூசாரிகிட்ட ஒரு லெட்டர், கயிறு கட்டின கை ஒண்ணு, ஒரே ஒரு போட்டோ. நாளைக்குள்ள அனுப்புங்க. போதும்.”

மத்தியானம் பாரதியே கூப்பிட்டாள்.

“அக்கா, மேனேஜர் சொன்னாரு. கன்னிமார் கயிறாமே? எப்பக்கா நாம கயிறு கட்டினோம்?”

“இப்ப கட்டறோம்.”

“நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.”

“ஏன்டி இப்பிடி உயிர வாங்கற? வெளையாடப் போன எடத்துல வெளையாடிட்டு வர வேண்டியதுதானே?”

“என்கூட நாலு வருஷமா ஓடினவ ஒருத்தி, இந்த நாட்டுக்காரி. போன வருஷம் அவளும் இன்னொரு பொண்ணும் இருக்கற போட்டோ வெளிய வந்துடுச்சு. டீம்ல இருந்து தூக்கிட்டாங்க. இப்ப எந்த ஜெயில்ல இருக்கான்னுகூட ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. அவ ஓடியிருந்தா அந்த மூணாவது இடம் அவளோடதுக்கா. அதுல ஏறி நின்னுட்டு, கழுத்த நீட்டி மெடல வாங்கிகினு, சும்மா எறங்கி வரச் சொல்றியா?”

“ஊரான் வூட்டுப் பிரச்சன நமக்கு எதுக்கு?”

“ஏரிக்குத் தண்ணி வுடச் சொல்லி வூட்டுக்கு வூடு கருப்புக் கொடி கட்டினோமே, அப்ப ஸ்கூல் ஓட்டப்பந்தயத்துல என் கையில கருப்புத் துணி கட்டி அனுப்பினது யாரு? நீதானே?”

“அது தண்ணி.”

“இது மனுசி.”

“அந்த நாட்டுச் சட்டம் அதுன்னா நாம என்னா பண்ண முடியும்?” என்றாள்.

“நம்ம நாட்டுலயும் அப்படித்தான் இருந்துச்சு. குத்தமில்லைன்னு கோர்ட்டு சொல்லி எத்தன வருஷமாச்சு.”

“கோர்ட்டு சொன்னது டெல்லியில. அது தர்மபுரி வந்து, பென்னாகரம் வந்து, ஏரியூர் வந்து, அங்கேருந்து காட்டுவளவுக்கு வரணும். பஸ்ஸு நாளைக்கு ரெண்டு தடவதான் கண்ணு.”

பாரதி சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள்.

“ஊர்ல யாருக்காவது தெரியுமாக்கா?”

“ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது.”

“எப்பத்தான் தெரியும்?”

“மொதல்ல வூடு வந்து சேரு. அப்புறம் பேசலாம்.”

“சரி. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா வாயத் தொறக்கவும் மாட்டேன். மேனேஜர் என்ன வேணா சொல்லிக்கட்டும்,” என்றாள் பாரதி. “போன வாங்கிக்கப் போறாங்க. விசாரணை முடிஞ்சுதான் குடுப்பாங்களாம்.”

“அது போதும் எனக்கு. சாப்புடு.”

சாயந்தரப் பாலுக்கு ஊர் கூடியபோது பாஞ்சாலி பார்த்துப் பார்த்து ஒரே ஒரு வரிதான் சொன்னாள். “சாமிக் கயிறு கட்டினதுக்குப் பாரதியோட பாஸ்போர்ட்டைப் புடுங்கி வெச்சிருக்காங்களாம்.”

அவ்வளவுதான். வைக்கோல் போரில் நெருப்பு விழுந்த மாதிரி ஆயிற்று.

“எவன்டா அவன்?” என்று எழுந்தார் நஞ்சப்பன். சொசைட்டித் தலைவரும் அவர்தான், வருஷா வருஷம் கன்னிமாருக்குப் பொங்கல் வைத்துப் பூசை போடுகிறவரும் அவர்தான். பாஞ்சாலிக்கு மாமன் முறை. “நம்ம சாமிக் கயித்த நம்ம புள்ள கட்டினா அவனுக்கு எங்க வலிக்குது?”

கோவிந்தம்மாள் மட்டும் நெற்றியைச் சுருக்கினாள். “நம்ம கன்னிமாருக்கு ஏதுடி கயிறு? நான் வாக்கப்பட்டு வந்து நாப்பது வருஷத்துல பாக்கலையே?”

“நான்தான் பெரியாத்தா வேண்டிக்கிட்டு அனுப்பினேன். கால்ல அடிபடாம ஓடணும்னு.” ஒரு பொய்யைத் தாங்க இன்னொரு பொய். பூசாரி லெட்டரும் கயிறு கட்டின கையின் போட்டோவும் நாளைக்குள் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

“வேண்டிக்கிட்ட சரி. கன்னிமாருன்னா ஏழு பேராச்சே. இதுல ஆறு கலருதானே இருக்கு?”

“நம்ம ஊர்ல ஆறு கல்லுதானே பெரியாத்தா.”

“கல்லு போச்சுன்னா ஆளே இல்லாம போயிடுவாளா? ஊட்டுல ஒரு பொண்ண வெளியூர்ல கட்டிக் குடுத்தா அவ பொண்ணு இல்லன்னு ஆயிடுமா? ஏழாவதுகாரி கோவிச்சிக்கப் போறா. லெட்டருக்குக் கட்டறப்பவாச்சும் ஏழா கட்டு. வெள்ள நூலு ஒண்ணு சேத்துக்க.”

“அதுவும் ஞாயந்தான்,” என்றார் நஞ்சப்பன்.

பாஞ்சாலி குறுக்கே புகுந்தாள். அங்கே பாரதி கையில் ஆறு, இங்கே அனுப்பும் போட்டோவில் ஏழு என்றால் யார் நம்புவார்கள்? “வேணாம் மாமா. ஆறுதான். அந்தப் போட்டோவுல இருக்கற மாதிரியே இருக்கணும். மேல செவப்பு, கடைசியா ஊதா. வரிசையக்கூட மாத்தக் கூடாது.”

“என்னாடி இவ்ளோ கண்டிசன் போடற?”

“அக்கா சொல்றது சரிதான்பா,” என்றான் பூவரசன். நஞ்சப்பனின் மகன், ஏரியூரில் இ-சேவை மையம் வைத்திருப்பவன். “ஆதாரம்னா ஒண்ணுபோல இருக்கணும். ஆதார் கார்டுல ஒரு எழுத்து மாறினாலே திருப்பி அனுப்பறாங்க.”

ஆறு என்று முடிவாயிற்று. ஜெயித்துவிட்டதாகத்தான் பாஞ்சாலி அப்போது நினைத்தாள்.

“சரி, நாளைக்குக் காலையில மாமா கையில ஒண்ணு கட்டி ஒரு போட்டோ எடுத்தா...”

“ஒரு கையா?” நஞ்சப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்க ஒத்த ஆளாவா போவோம்? ஒருத்தன் போனா வாசல்லயே வாங்கி வெச்சிகினு அனுப்பிடுவான். ஊரே போனாதான் நாற்காலிய விட்டு எழுந்திரிப்பான். இத்தன வருஷமா அப்படித்தானே ஒவ்வொண்ணையும் வாங்கினோம்?”

“மாமா, அவங்க கேட்டது...”

“நீ சும்மா இரு. தங்கச்சிய நெனச்சு ஒனக்கு மனசு சரியில்ல. நாங்க பாத்துக்கறோம்.”

மறுநாள் சனிக்கிழமை. பென்னாகரத்தில் தையல் சாமான் கடை வைத்திருக்கிற முனாப் பாய், கடையில் இருந்த ஆறு நிற ரிப்பனையும் மொத்தமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, “எந்தக் கட்சிப்பா இது, புதுசா இருக்கு?” என்று கேட்டாராம். “கட்சி இல்ல பாய், சாமி,” என்று சொல்லிவிட்டு வந்தானாம் பூவரசன்.

பத்து மணிக்கெல்லாம் ஏரிக்கரையில் பொங்கல் பொங்கியது. ஆறு கல்லுக்கும் பூசை முடிந்து, நஞ்சப்பன் வரிசையாக எல்லார் கையிலும் கட்டிக்கொண்டே வந்தார். வரிசை மாறவில்லை. மேலே செவப்பு, கடைசியில் ஊதா. தண்ணீர்ப் போராட்டத்துக்குக் கருப்புக் கொடி கட்டின கம்பெல்லாம் வீட்டுக்கூரைகளில் அப்படியே இருந்தது. அதே கம்புகளில் ஆறு நிறத்தையும் சேர்த்துத் தைத்த துணி பறந்தது. டிராக்டரில் கட்டினார்கள். மாட்டுக் கொம்பில் கட்டினார்கள். பஸ் வந்தபோது டிரைவரைக் கீழே இறக்கி அவர் கையிலும் கட்டினார்கள்.

பாஞ்சாலி ஒவ்வொருவரிடமாகப் போய், “ஒரு கை போதும்னுதான் சொன்னாருங்க,” என்றாள். யார் காதிலும் ஏறவில்லை. நிறுத்துங்கள் என்று கத்தலாம். கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்கு அவளிடம் இருந்த பதிலைச் சொல்வதைவிட, ஏரிக்கரையை உடைத்து வெள்ளத்தைத் திறந்துவிடலாம்.

“அக்காக்காரி கையில இல்லாம எப்பிடி?” என்று நஞ்சப்பன் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிவிட்டார்.

பூவரசன் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக்கொண்டான். “எல்லாரும் வலது கையத் தூக்குங்க. பாரதி தூக்கின மாதிரி. கோவிந்தம்மா பெரிம்மா, முறைக்காதீங்க.”

“மொறைக்கலடா. வெயிலு.”

முந்நூறு கைகள் உயர்ந்தன. படத்தில் பாஞ்சாலியின் கை பாதிதான் உயர்ந்திருக்கும்.

“மேனேஜருக்கு அனுப்பிட்டியா?” என்று அவன் இறங்கியதும் கேட்டாள்.

“லெட்டரும் போட்டோவும் போயாச்சுக்கா. அப்படியே பேஸ்புக்லயும் போட்டுட்டேன். ‘பாரதியின் கையோடு எங்கள் கைகள். காட்டுவளவு ஊர்ப் பொதுமக்கள்.’”

“பேஸ்புக்குல எதுக்குடா?”

“ஊர் ஒலகம் பாக்க வேணாமாக்கா?”

ஊர் உலகம் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூவரசன் குதித்துக்கொண்டு வந்தான். அம்பதாயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்கள், கனடாவிலிருந்து போடுகிறார்கள், பிரேசிலிலிருந்து போடுகிறார்கள், எல்லாரும் இதயம் இதயமாகப் போடுகிறார்கள் என்றான். மத்தியானம் திரும்ப வந்தபோது குதிப்பு இல்லை. பாஞ்சாலி வீட்டு வாசற்படிக்குக் கீழேயே நின்றான்.

“அக்கா, இதுல என்னென்னமோ எழுதறாங்க. இங்கிலீசுல இருக்கறத தமிழ்ல மாத்திப் படிச்சேன்.”

“என்னான்னு?”

“பொண்ணும் பொண்ணும் காதலிக்கறதுக்கு ஆதரவா ஒரு இந்தியக் கிராமமே எழுந்து நிக்குதுன்னு. ஒலகத்துலயே இதுமாதிரி ஒரு ஊரு இல்லையாம்.” அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இந்தக் கொடி, இதே ஆறு கலரு, இதே வரிச, எல்லா நாட்டுலயும் இருக்குக்கா. அக்கா, இது கன்னிமார் கலரா, இல்லையா?”

பாஞ்சாலி வாசற்படியில் கிடந்த துடைப்பத்தை எடுத்து மூலையில் சாத்தினாள்.

“உங்களைத்தான் கேக்கறேன்.”

“அழிச்சுடு பூவரசா.”

“நான் அழிச்சா? அது இப்ப ஆயிரம் எடத்துல இருக்கு.” அப்புறம் மெதுவாக, “அப்ப பாரதி...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

“யார்கிட்டயாவது காட்டினியா?”

“அப்பாகிட்ட. பெருமையா காட்டத்தான் ஆரம்பிச்சேன். பாதியில எனக்கே புரிஞ்சு போச்சு. அவருக்கும்.”

“என்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. எழுந்து துண்டத் தோள்ல போட்டுகினு போயிட்டாரு.”

மூன்று மணிக்கு மாதவராஜ் கூப்பிட்டார். இந்தத் தடவை பயப்படாதீங்க என்று சொல்லவில்லை.

“ஏம்மா, நான் கேட்டது ஒரு கைதானே? ஊரையே கொடி புடிக்க வெச்சிருக்கீங்களே?”

“சார், நான் சொல்லிப் பாத்தேன்...”

“அந்தப் போட்டோவ கமிட்டிக்காரங்களே நெட்ல எடுத்துத் திரையில போட்டாங்க. அதையும் சமாளிச்சிருப்பேன். கிராமம், சாமி, பூசாரி லெட்டர்னு பேசிக்கிட்டேதான் இருந்தேன். உங்க தங்கச்சியே எழுந்து எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாங்க.”

“பேசவே மாட்டேன்னாளே சார்!”

“பேசிட்டாங்க. மெடல் போச்சு. ரெண்டு வருஷம் தடை. நல்ல காலம், போலீசுக்குப் போகல. பேப்பர்ல உங்க ஊர்ப் படம் வந்துட்டதால, வெச்சிருந்தா இன்னும் பெருசாகும்னு இன்னைக்கே அனுப்பறாங்க. அது ஒண்ணுதான் அந்தப் போட்டோவால நடந்த நல்லது.”

வைத்துவிட்டார். பத்து நிமிஷத்தில் பாரதி. பின்னால் விமான நிலையத்தின் அறிவிப்புச் சத்தம்.

“அக்கா! அக்கா...” அதற்குமேல் வரவில்லை. அழுகிறாள் என்று நினைத்தால், சிரிப்பும் சேர்ந்திருந்தது.

“அழாத கண்ணு. உயிரோட வர்றல்ல, அது போதும். மெடலு என்னா மெடலு.”

“மெடலுக்கு யாருக்கா அழுதா? பெரிய திரையில போட்டாங்கக்கா நம்ம ஊர. ஏரி, வேப்பமரம், எல்லாம். நஞ்சப்பன் மாமா முன்னாடி கையத் தூக்கிகினு நிக்கிறாரு. கோவிந்தம்மா பெரியாத்தா... அதுகூடக் கட்டியிருக்கு! ‘இது உங்க ஊருதானா’ன்னு கேட்டாங்க. வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் உக்காந்திருந்தேன். என்னால முடியலக்கா.”

“என்னா சொன்ன?”

“ஆமா, எங்க ஊருதான், எனக்காகத்தான் கட்டியிருக்காங்கன்னேன். சாமிக் கயிறுன்னு சொன்னது பொய்யின்னேன். ஊரே தைரியமா நெஜத்தச் சொல்லும்போது நான் மட்டும் பொய்ய வெச்சிகினு என்னா பண்றது?”

பாஞ்சாலி எழுந்து போய் வாசற்கதவைச் சாத்தினாள்.

“நீ எப்பிடிக்கா சொன்ன அவங்ககிட்ட? யாருக்கும் தெரியாதுன்னு என்னையே ஏமாத்தினியே. இன்னும் பஸ்ஸு வரலன்னியே.”

“பாரதி, நான் சொல்றதக் கேளு...”

“வந்து கேக்கறேன். கூப்பிடறாங்க. காலையில பெங்களூர்ல எறங்கி, தேவியையும் கூட்டிகினு நேரா ஊருக்குத்தான் வரோம். மொத தடவையா பயமில்லாம வரேன்க்கா.”

“பாரதி, பாரதி...”

லைன் போய்விட்டது. திரும்ப அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது ஒரு குரல். மறுபடி அடித்தாள். அதே குரல், அதே பொறுமையோடு.

ஐந்து மணிக்கு சொசைட்டியைத் திறந்தாள். திறக்காமல் இருக்க முடியாது. மாட்டுக்கு எதுவும் தெரியாது, அது பால் கொடுத்துவிடும். வரும் வழியில் தெருவில் ஏணிகள் சாய்ந்திருந்தன. கூரைக் கம்புகளிலிருந்து ஆண்கள் துணிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வரிசை வந்தது. ஒவ்வொரு கையாகக் கேனை நீட்டியது, எல்லாம் வெறுங்கை. பாஞ்சாலி கையில் மட்டும் அது இருந்தது. அவிழ்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை, மறைக்கவும் தோன்றவில்லை.

“டிகிரி என்னா?” என்றார் ஒருவர்.

“இருபத்தெட்டுங்க.”

“ம்.”

இதைத் தவிர வேறு பேச்சில்லை. கோவிந்தம்மாள் எப்போதும் முதலில் வருகிறவள், அன்றைக்குக் கடைசியில் வந்தாள். பால் ஊற்றி முடிக்கும்வரை பேசவில்லை. காலிக் கேனை வாங்கிக்கொண்டுதான் சொன்னாள்.

“என்னைக் கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா கட்டியிருப்பியா பெரியாத்தா?”

“தெரியல. கட்டியிருப்பனோ, காறித் துப்பியிருப்பனோ. எதுவோ ஒண்ணு நானா பண்ணியிருப்பேன்ல? நீதான் கேக்கவே இல்லையே.”

அவள் படியிறங்கியபோது நஞ்சப்பன் எதிரே வந்தார். உள்ளே வராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சாமி பேரச் சொல்லி என் கையத் தூக்க வெச்சிட்ட, பாஞ்சாலி.”

“ஜெயிலுக்குப் போயிடுவாளோன்னு பயந்துட்டேன் மாமா.”

“அதைச் சொல்லியிருந்தா வேற வழி பாத்திருப்போம்.”

“வேற என்னா வழி மாமா?”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அது முகத்தில் தெரிந்தது. ஒன்றும் அகப்படவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“நம்ம கண்ணு முன்னால வளந்த புள்ள. எனக்கு அது மேல வெறுப்பு இல்ல. ஆனா ஊரு கொதிச்சுகினு இருக்குது. பசங்க பேசறது நல்லா இல்ல. அது இப்ப இங்க வர வேணாம். கொஞ்ச நாளு பெங்களூர்லயே இருக்கட்டும். நீயே பக்குவமா சொல்லிடு.”

“எத்தன நாளு மாமா?”

“அதெல்லாம் இப்ப எப்பிடிச் சொல்றது?” என்றவர், வந்த வழியே போனார்.

பாஞ்சாலி கடைசிக் கேனைக் கழுவிக் கவிழ்க்கும்போது போன் அடித்தது. பாரதியாக இருக்காதா என்று ஈரக்கையோடு எடுத்தாள். தேவிப்பிரியா.

“அக்கா, நல்லா இருக்கீங்களா? நான் தேவி.” இதுவரை பாரதி போனில்தான் இரண்டொரு தடவை பேசியிருக்கிறாள். இன்றைக்குத்தான் தன் நம்பரிலிருந்து அவளாகக் கூப்பிடுகிறாள். “பாரதி காலையில ஆறு மணிக்கு லேண்ட் ஆகுறா. காரு சொல்லிட்டேன். பத்து பதினொரு மணிக்கெல்லாம் உங்க ஊர்ல இருப்போம்.”

“தேவி...”

“எனக்குக் கை கால் ஓடலக்கா. எங்க வீட்ல என்கிட்ட பேசி மூணு வருஷமாச்சு. அந்தப் போட்டோவ எங்கம்மாவுக்கு அனுப்பினேன். இங்க பாரு, ஒரு ஊரே இருக்குன்னு. பாத்துட்டாங்க, பதில் வரல. ஆனா பாத்துட்டாங்க.”

பாஞ்சாலி வெளியே பார்த்தாள். தெருக்கோடியில் கடைசி வீட்டு ஏணியையும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வராதீங்க, ரெண்டு பேரும் வராதீங்க. அவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

“அக்கா, கேக்குதா? ஒண்ணு கேக்கணும். வெறுங்கையோட எப்பிடி வர்றது? எல்லா வீட்டுக்கும் மைசூர்பாகு வாங்கிட்டு வரலாம்னு கடையில நிக்கிறேன். எத்தன வீடுக்கா இருக்கும்?”

“தேவி, வந்து...”

“சொல்லுங்கக்கா. ஒரு வீடுகூட விட்டுடக் கூடாது.”

“நூத்திப் பதினாலு,” என்றாள் பாஞ்சாலி.